கோடை விடுமுறையும் குலச்சொத்தும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், நாம் கற்பிக்கும் மலைநாட்டுப் பாடசாலைக்கு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். வயது பதினெட்டு. இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலையொன்றில் ஐந்தாண்டு தங்கிப் படித்து, இறுதிப் பரீட்சை எழுதி, பெறுபேற்றுக்காகக் காத்திருந்தவர். பிறநாடுகளில் ‘தொண்டு’ செய்ய விழையும் இளைஞரிடம் கட்டணம் பெற்று, அவர்களை ஆசிய ஆபிரிக்க நாடுகளுக்கு அனுப்பிவைக்கும் கம்பனியொன்றின் ஏற்பாட்டில், நான்கு வாரம் ஆங்கிலம் கற்பிக்க வந்திருந்தார்.

நல்ல பிள்ளை, செருக்கில்லாதவர். மாணாக்கர் ‘சேர்’ என்றழைத்தபோது முகஞ் சிவந்தார். ஆசிரியர் அறையிலே தேநீர் அருந்தியபடி தமது கோடைகாலத் திட்டத்தை விபரித்தார். இங்கிருந்து நேரே இத்தாலிக்குப் போகிறார். அங்கே பள்ளித் தோழர் எண்மர் கடலோரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கின்றனர். ஆவணி நடுப்பகுதியில் பெறுபேறு வரும். அதன்பின், தோழர் ஒருவரின் தந்தை பங்காளராக இருக்கும் நிதி நிறுவனத்தில் மூன்று வாரப் பயிற்சி. ஐப்பசியிற் பல்கலைக்கழகம்.

அதே கிழமையில் நமது பழைய மாணவன் ஒருவன் நற்சான்றிதழ் கேட்டு வந்தான். அவனுக்கு வயது பத்தொன்பது. உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவிற் சித்தியடைந்து, பல்கலைக்கழக அனுமதிக்குரிய வெட்டுப்புள்ளி எப்போது வருமெனக் காத்திருப்பவன். தாய் கொழுந்து பறிப்பவர். கொழும்புப் புறக்கோட்டையிற் புடைவைக் கடையொன்றில் வேலை கிடைத்திருந்தது. படுக்கை கடையின் மேல்மாடியில். “சேர், இங்கிலீசுலயும் ஒரு லெட்டர் குடுத்தா நல்லா இருக்கும்” என்றான்.

இருவரும் விறாந்தையிற் சந்தித்துக்கொண்டனர். இந்தக் கோடையில் என்ன செய்யப் போகிறாய் என்று விருந்தினர் வினவினார். வெளியே தென்மேற்குப் பருவக்காற்றின் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆடியில் நமது மலைகளுக்குக் கோடை என்பதே கிடையாது. கேள்வியை நாம் மொழிபெயர்த்துக் கூறினோம். நமது மாணவன் சிறிது யோசித்து, வேலைக்குப் போகிறேன் என்றான். விருந்தினர் மனம் மகிழ்ந்து, நானுந்தான் என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. எனினும் அந்த ‘நானுந்தான்’ என்ற சொல்லை நாம் எளிதில் மறக்க முடியவில்லை. ஒரே வயதுடைய இருவர் ஒரே மாதத்தில் ‘வேலை’ என்ற ஒரே சொல்லைச் சொல்லினர். ஒருவனுக்கு அது வீட்டுக்கு அனுப்பும் பணம். மற்றவருக்கு அது பிற்காலத்தில் விண்ணப்பப் பத்திரத்தில் எழுதப்படும் ஒரு வரி. இந்த வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடுதிப் பாடசாலையை விட்டு வெளியேறும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் முதற் கோடையில் மூன்று காரியங்கள் நடைபெறுகின்றன. தோழர் கூடுகின்றனர், ஊர் சுற்றுகின்றனர், ஏதேனும் ஓர் அலுவலகத்திற் சில கிழமை பயிற்சி பெறுகின்றனர். முதலாவது நட்பென்றும், இரண்டாவது உலக அறிவென்றும், மூன்றாவது ஊக்கமென்றும் பாராட்டப்படுகின்றன. நாம் கூறுவது இதுதான்: இம்மூன்றும் சேர்ந்து, தந்தையின் சொத்தைத் தனயனின் தகுதியாக மாற்றிக் கொடுக்கின்றன. ஐந்தாண்டு கட்டிய கட்டணத்தின் பலன் பரீட்சைப் பெறுபேற்றோடு முடிவதில்லை. அதன் பெரும்பகுதி பரீட்சைக்குப் பின்வரும் இந்தச் சில மாதங்களிலேயே அறுவடையாகத் தொடங்குகின்றது.

இப்பாடசாலைகளின் வரலாற்றைச் சற்று நோக்குதல் பயனுடைத்து. வின்செஸ்ரர் கல்லூரி 1382 இல் எழுபது ஏழை மாணாக்கருக்காக நிறுவப்பட்டது. அதை முன்மாதிரியாகக் கொண்டு ஆறாம் ஹென்றி மன்னன் 1440 இல் ஈற்றன் கல்லூரியை நிறுவினான். அங்கும் எழுபது ஏழைப் பிள்ளைகள் இலவசமாகப் படிக்க வேண்டுமென்பதே ஏற்பாடு. ஹரோ பாடசாலை 1572 இல் அவ்வூர் விவசாயியொருவரின் முயற்சியால், ஊர்ப் பிள்ளைகளின் கல்விக்கெனத் தோன்றியது. மூன்றும் ஏழைகளின் பெயரால் எழுந்தவை. மூன்றையும் செல்வர் உரிமையாக்கிக் கொண்டனர். ஹரோவிலே கட்டணம் செலுத்தும் வெளியூர்ச் செல்வரின் பிள்ளைகள் நிறைந்தனர். 1868 ஆம் ஆண்டின் பொதுப் பாடசாலைகள் சட்டத்தின்பின், அவ்வூர்ப் பிள்ளைகளுக்கென 1876 இல் வேறொரு சிறு பாடசாலையைத் திறந்து, அவர்களை அங்கே அனுப்பிவிட்டனர். இவற்றுக்கு ‘பொதுப் பாடசாலை’ என்ற பெயர் மாத்திரம் இன்றுவரை நிலைத்திருப்பது, சொற்களின் வரலாற்றிற் கற்பிக்கத்தக்க உதாரணமாகும். 2025 சனவரியிலிருந்து விதிக்கப்பட்ட நூற்றுக்கு 20 வரியும் சேர, ஈற்றனின் ஆண்டுக் கட்டணம் 60,000 பவுணைத் தாண்டியுள்ளது.

இவ்வளவு பணங் கொடுத்து எதனை வாங்குகின்றனர்? நல்ல ஆசிரியர், நூல்நிலையம், விளையாட்டுத் திடல் என்று கூறுவர். அவை உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆயின் வேறொரு கணக்கையும் காண்போம். பிரித்தானியப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏழு பேரளவினரே கட்டணம் பெறும் தனியார் பாடசாலைகளிற் படிக்கின்றனர். விடுதிப் பாடசாலை மாணாக்கர் அவ்வேழு பேருள்ளும் சிறு தொகையினர். சட்டன் அறநிதியமும் அரசின் சமூக நகர்வு ஆணைக்குழுவும் 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, உயர்நீதிபதிகளில் நூற்றுக்கு 65 பேரும், அமைச்சுக்களின் நிரந்தரச் செயலாளர்களில் நூற்றுக்கு 59 பேரும் தனியார் பாடசாலைகளிற் படித்தவர்கள். பிரதமராயிருந்தவர்களில் இருபதின்மர் ஈற்றன் என்ற ஒரே பாடசாலையிலிருந்து வந்தவர்கள். அறிவு இத்துணைக் கச்சிதமாகச் சில விடுதிகளிற் கூடிப் பிறக்கும் என்று நம்புவோருக்கு நாம் கூறக்கூடியது ஒன்றுமில்லை. நம்பாதவர்கள், விடுதியில் வேறென்ன உருவாகிறதென்று கேட்டாக வேண்டும்.

உருவாவது தொடர்பு. பதின்மூன்றாம் வயதிலிருந்து பதினெட்டாம் வயதுவரை ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிய நண்பர் கூட்டம், நாளைய வங்கி அதிபரும் வழக்கறிஞரும் அமைச்சரும் பத்திராதிபரும் ஒருவரையொருவர் பட்டப்பெயரால் அழைக்கக்கூடிய கூட்டம். அமெரிக்க சமூகவியலாளர் சி. றைற் மில்ஸ், 1956 இல் வெளிவந்த ‘அதிகார உயர்குழாம்’ பற்றிய நூலிலே, அந்நாட்டின் மேல்வர்க்கத்தை ஒன்றாகப் பிணைக்கும் சாதனங்களுள் விடுதிப் பாடசாலைக்கு முதன்மையான இடத்தைக் கொடுத்தார். மாக் கிரனோவெற்றர் என்பார் 1973 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வேலைகள் பல நெருங்கிய உறவினர் வாயிலாகவன்றி எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர் வாயிலாகவே கிடைக்கின்றன என்று காட்டியது. நெருங்கியோர் அறிந்தவற்றை நாமும் அறிந்திருப்போம். தூரத்து அறிமுகமே புதிய செய்தியைக் கொண்டுவரும். இந்த உண்மையை ஆய்வாளர் கண்டுபிடிப்பதற்கு முன்னரே இங்கிலாந்தின் மேல்வர்க்கம் நன்கறிந்து நடைமுறைப்படுத்தி வந்திருக்கின்றது. அதற்கான ஏற்பாடே ஒன்றுகூடல்.

லண்டன் லோட்ஸ் மைதானத்தில் ஈற்றனும் ஹரோவும் ஆடும் கிரிக்கெட் போட்டியை எடுத்துக்கொள்வோம். முதற் போட்டி 1805 இல் நடந்தது. கவிஞர் பைரன் ஹரோவுக்காக ஆடினார். உலகப் புகழ்வாய்ந்த மைதானத்தில், பாடசாலைச் சிறுவர் இரு கட்சியினருக்கு மாத்திரம் ஆண்டுதோறும் ஒருநாள் ஏன் ஒதுக்கப்பட வேண்டும்? அம்மைதானத்துக்கு உரித்தான கழகமே 2022 இல் இக்கேள்வியைக் கேட்டு, போட்டியை அங்கிருந்து அகற்றத் தீர்மானித்தது. உறுப்பினருள் ஒரு பகுதியினர் கிளர்ந்தெழுந்தனர். தீர்மானத்தை நினைத்தவாறு நிறைவேற்ற முடியவில்லை. சிறுவரின் ஒருநாள் விளையாட்டுக்காகவா முதியோர் அத்துணை ஆவேசங்கொண்டனர்? அன்று பார்வையாளர் வரிசையிலே தந்தையும் தனயனும், தந்தையின் தோழரும் தோழரின் மைந்தரும் கூடுகின்றனர். பாடசாலையை விட்டு அப்போதுதான் வெளியேறியவன் முதன்முறையாகப் பெரியோரிடையே பெரியவனாக அறிமுகஞ் செய்யப்படுகிறான். அந்த அறிமுகத்தின் விலையை அவர்கள் அறிவர்.

அறிமுகத்தின் அடுத்த படி பயிற்சிப் பணி. ‘இன்ரேன்ஷிப்’ என்ற பெயரில் இன்று உலகெங்கும் பரவியுள்ள இவ்வழக்கம், பார்வைக்கு மிக நியாயமானது. தொழிலைக் கற்க விரும்பும் இளைஞன் சில கிழமை தொழிலகத்தில் இருந்து பார்க்கிறான். யாருக்கு என்ன நட்டம்? நட்டம் எவருக்கென்பதை அறிய இரண்டு கேள்விகள் போதும். அந்த இடம் விளம்பரப்படுத்தப்பட்டதா? அதற்குச் சம்பளம் உண்டா?

முதற் கேள்விக்கு ஒரு சிறு வரலாறே விடையாகும். 2011 இல், அப்போது ஆட்சிப்பொறுப்பிலிருந்த கன்சவேட்டிவ் கட்சியின் நிதி திரட்டும் விருந்தொன்றில், பெரிய நிதி நிறுவனங்களிற் பயிற்சி பெறும் வாய்ப்புக்கள் ஏலத்தில் விடப்பட்டன. தம் பிள்ளைகளுக்காகச் செல்வர் சில ஆயிரம் பவுண் கொடுத்து அவற்றை எடுத்தனர். செய்தி வெளிவந்ததும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. நமக்கோ ஏலமிட்டவர்கள் மீது தனியாகக் கோபமில்லை. மூடிய அறைகளில் நட்பின் பெயரால் நடப்பதை அவர்கள் கூவி விற்றனர், விலையும் வெளிப்பட்டது. ஏலமில்லாத வீடுகளில் ஒரு தொலைபேசி அழைப்போடு அதே கைமாற்றம் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது கேள்வி சம்பளம். பிரித்தானியாவின் 1998 ஆம் ஆண்டுத் தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டப்படி, வேலை செய்பவருக்குச் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். ஆயினும் ‘பார்த்துப் பழகுதல்’ என்றும், தொண்டு நிறுவனத்திற்கான சேவை என்றும், கற்கைநெறியின் பகுதி என்றும் விலகிச் செல்லப் பல வாயில்கள் உள்ளன. லண்டனிலே அறை வாடகை கொடுத்து, உணவுண்டு, பயணச் சீட்டெடுத்து, ஊதியமின்றி ஒரு மாதம் அலுவலகம் போய்வர யாரால் இயலும்? தந்தைக்கு அந்நகரில் வீடிருப்பவனால் இயலும். வடக்கு இங்கிலாந்தின் சுரங்க ஊரொன்றில், சுரங்கம் மூடப்பட்டபின் அல்லலுறும் குடும்பத்துப் பிள்ளையால் இயலாது. அந்தப் பிள்ளையும் கோடையில் உழைக்கிறது: பண்டசாலையிற் பெட்டி அடுக்குகிறது, உணவுக்கடையிற் கோப்பை கழுவுகிறது. மூன்றாண்டு கழித்து இருவரும் ஒரே உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கின்றனர். ‘உங்களுக்கு என்ன அனுபவம் உண்டு?’ என்று கேட்கப்படுகிறது. நிதி நிறுவனத்தில் மூன்று வாரம் நாற்காலியில் இருந்தது அனுபவமாகிறது. பண்டசாலையில் மூன்று கோடை முதுகொடிந்தது அனுபவமாவதில்லை.

இங்கேதான் அந்த மாற்றம் நிறைவுறுகிறது. பழைய நிலமானிய சமுதாயத்தில், பிரபுவின் மைந்தன் பிரபுவானமைக்குப் பிறப்பே காரணம் என்று எல்லோரும் அறிந்திருந்தனர். இன்றைய மேல்வர்க்கத்துக்கு அந்த வெளிப்படைத்தன்மை உகந்ததன்று. தன் பிள்ளை தன் திறமையால் வென்றான் என்று காட்ட வேண்டும். பிள்ளையும் அவ்வாறே நம்ப வேண்டும். நம் விருந்தினர் அதனை உண்மையாகவே நம்பினார். தம் கோடையை வீணாக்காத ஊக்கமுள்ளவர் என்றே தம்மை எண்ணினார். தனிமனிதர் நல்லவராயிருத்தல் அமைப்பின் அநீதியைக் குறைப்பதில்லை. பல சமயங்களில் அதனை மறைக்கவே உதவுகிறது.

இனிப் பயணத்தை நோக்குவோம். பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலப் பிரபுக்களின் மைந்தர், ஆசான் ஒருவர் துணைவர, பாரிசும் வெனிசும் உரோமாபுரியும் கண்டு வந்தனர். திரும்பும்போது ஓவியமும் சிலையும் கொண்டுவந்தனர். இன்றைய விடுதிப் பிள்ளைகள் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே கோடையையோ முழு ஆண்டையோ ஒதுக்கி, இன்னுந் தூரம் போகின்றனர். கொண்டு திரும்புவது அனுபவம்: வறிய நாட்டிற் கற்பித்த அனுபவம், அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த அனுபவம். இலங்கையும் அத்தகைய அனுபவம் விளையும் நிலங்களுள் ஒன்று.

ஆசிரிய நண்பர்களே, இவ்விடத்தில் நாம் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டும். ஆசிரியப் பயிற்சியின் வாசலைக்கூட மிதியாத பதினெட்டு வயதினர் ஒருவர், நான்கு வாரம் ஒரு வகுப்பைப் பொறுப்பேற்கிறார். பாட்டுப் பாடி, படங்காட்டி, மாணாக்கரின் அன்பைப் பெறுகிறார். நான்காம் வாரம் கண்ணீரோடு விடைபெறுகிறார். அடுத்த மாதம் வேறொருவர் வந்து மீண்டும் ‘ஏ, பீ, சீ’ யிலிருந்து தொடங்குகிறார். நம் பிள்ளைகளுக்கு நிலையான ஆங்கில ஆசிரியர் இல்லாத குறை அப்படியே இருக்கிறது. விண்ணப்பப் பத்திரத்தில் ஒரு வரி மாத்திரம் கடல்கடந்து போகிறது. நம் மலைநாட்டு இளைஞன் ஒருவன் நான்கு வாரம் ஈற்றனிலே தமிழோ கணிதமோ கற்பிக்க வருகிறேன் என்றால் நடக்கக்கூடிய காரியமா? வகுப்பறையை விடுவோம், அந்நாட்டுக்குள் நுழையும் விசாவைப் பெறவே அவன் தன் வங்கிக் கணக்கைக் காட்டி, திரும்பி வருவான் என்று நிரூபிக்க வேண்டும். அங்கிருந்து வருபவரோ வீட்டிலிருந்தபடியே அனுமதி பெற்று விமானமேறுகிறார்.

மலைநாட்டவர்க்கு இக்கதை புதிதன்று. 1869 இற் கோப்பிச் செடியை நோய் தாக்கியபின் தேயிலை பரவிய காலத்திலிருந்து, இங்கிலாந்தின் பொதுப் பாடசாலைகளை விட்டு வெளியேறிய இளைஞர் பலர் இத்தோட்டங்களுக்கு வந்தனர். துரைத்தனம் கற்க வந்த அவர்களைக் ‘கிறீப்பர்’ என்றழைத்தனர். பெரியதுரையின் பங்களாவில் தங்கி, அவருக்குக் கட்டணம் கொடுத்து, தோட்ட நிருவாகத்தைப் பழகினர். பழகியபின் சின்னத்துரை, பின்னர் பெரியதுரை. தோட்டத்தில் ஒருநாளும் கொழுந்து பறியாதவர், கவ்வாத்துக் கத்தி பிடியாதவர், நாற்பதாண்டு பறித்தவர்மீது அதிகாரஞ் செலுத்த வேண்டிய தகுதி எங்கிருந்து வந்தது? விளையாட்டுத் திடலிலே தலைமை பழகியவர், நல்ல குடும்பத்தவர், இன்ன பாடசாலையின் பழைய மாணவர் என்பதிலிருந்து வந்தது. சம்பளமில்லாப் பயிற்சியின், அதிலும் பணங்கொடுத்துப் பெறும் பயிற்சியின், மூதாதை நமது தோட்டத்துப் பங்களாவிலேயே குடியிருந்தார். பங்களாவில் ஒருவர் தொழில் பழகிய அதே காலத்தில், பத்தடிக்குப் பத்தடி லயத்து அறையிலே தொழிலாளியின் பிள்ளை பத்துப் பன்னிரண்டு வயதில் தொழிலுக்குப் பெயர் பதிந்தது. அதனை எவரும் பயிற்சி என்று அழைக்கவில்லை.

துரைமார் போய்விட்டனர். அவர்களுடைய பாடசாலையின் சாயல் போகவில்லை. 1851 இல் முகத்துவாரத்திலே தொடங்கிப் பின்னர் கல்கிசைக்குச் சென்ற புனித தோமையர் கல்லூரியும், 1872 இல் எழுந்த கண்டித் திரித்துவக் கல்லூரியும் ஆங்கிலப் பொதுப் பாடசாலையின் அச்சிலே வார்க்கப்பட்டவை. றோயல் – தோமியன் போட்டி நடக்கும் நாட்களிற் கொழும்பின் அலுவலகங்களில் யார் யாருக்குத் தோள்மேற் கைபோடுகிறார் என்பதைப் பார்த்தவர்களுக்கு லோட்ஸ் மைதானத்தை விளக்க வேண்டியதில்லை. கொழும்பு நிறுவனங்கள் சிலவும் ‘பயிற்சி’ என்ற பெயரில் இளைஞரை ஊதியமின்றியோ பஸ் பணத்துக்கோ வைத்துக்கொள்ளப் பழகியுள்ளன. கொழும்பிலே வீடுள்ள பிள்ளைக்கு அது வாய்ப்பு. கிளிநொச்சியிலிருந்தும் மூதூரிலிருந்தும் பதுளையிலிருந்தும் வரும் பிள்ளைக்கு அது பூட்டிய கதவு.

யாழ்ப்பாணத்தைப் பற்றியும் வாய்மூடியிருத்தல் நேர்மையாகாது. மிஷன் விடுதிகளிலும் பாடசாலைகளிலும் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளை வாங்கில் இருத்தலாமா, ஒரே பந்தியில் உண்ணச் செய்யலாமா என்பது பெரும் பிணக்காயிருந்தது. உதவிபெறும் பாடசாலைகளில் சம ஆசனம் அளிக்க வேண்டுமென 1929–30 அளவில் அரசு விதித்தபோது, அதை எதிர்த்து நம்மவர் மனுக்கொடுத்தனர். பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தினர். வாலிபர் காங்கிரஸ் சமத்துவத்தின் பக்கம் நின்றது என்பதே நாம் தலைநிமிரக்கூடிய செய்தி. எதிர்த்தவர்கள் எதற்கு அஞ்சினர்? ஒரே பந்தியில் உண்பவர் நாளை ஒருவருக்கொருவர் அறிமுகமானவர் ஆவர். அறிமுகமானோர் உத்தியோகத்திற் கைகொடுப்பர். விடுதியின் சாப்பாட்டு மேசை என்ன செய்யுமென்று அவர்களும் நன்கறிந்திருந்தனர்.

ஆகவே விடுதியில் வாழ்தலே தீது என்று நாம் கூறவில்லை. அதே கருவியை நேரெதிரான நோக்குக்குப் பயன்படுத்திய வரலாறும் நம்மிடம் உண்டு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, காலி றிச்மண்ட் கல்லூரியிற் புலமைப்பரிசில் பெற்று விடுதியிலே தங்கிப் படித்தவர். தமக்குத் தற்செயலாகக் கிட்டிய வாய்ப்பை எல்லோருக்கும் உரிமையாக்க வேண்டுமென்று அவர் எண்ணினார். 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப் பகுதிகளில் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய பாடசாலைகள் எழுந்தன. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பெற்ற ஏழைப் பிள்ளைகள் அவற்றின் விடுதிகளில் இலவசமாகத் தங்கினர். கமக்காரன் மகனும் கடற்றொழிலாளி மகளும் வைத்தியராக, பொறியியலாளராக, ஆசிரியராக வெளிவந்தது அவ்வழியாலேயே. அந்தச் சாதனையிலும் ஒரு பெரும் ஓட்டை இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அப்போதும் ஒற்றை ஆசிரியர் பாடசாலைகளிலே ஒதுக்கப்பட்டிருந்தனர். 1948 இல் அவர்தம் பெற்றோரின் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970 களின் பிற்பகுதியிலேயே. இலவசக் கல்வியின் வெளிச்சம் லயத்து வாசலுக்கு வரத் தலைமுறை ஒன்று பிந்தியது.

நம்மை நோக்கி ஒரு வினா எழுப்பப்படும் என்பதை அறிவோம். இளைஞர் நாலு நாள் மகிழ்ந்திருந்தால் உங்களுக்கேன் பொறாமை? தோழருடன் கூடுவதும் நாடு காண்பதும் குற்றமா? குற்றமன்று. பரீட்சை முடிந்த பிள்ளை தோழருடன் கூடிச் சிரிக்க வேண்டும். மலையும் கடலும் காண வேண்டும். தான் கற்கவிருக்கும் தொழிலை அருகிலிருந்து பார்க்க வேண்டும். நாம் அவற்றை வெறுப்பதாயின் நம் மாணாக்கருக்கு அவை இல்லையே என்று ஏன் வருந்த வேண்டும்? பதினெட்டு வயதுக்குரிய இந்த இன்பங்கள், ஒரு சிறு வர்க்கத்தின் கையில் அதிகாரத்தைப் பரம்பரையாக வைத்திருக்கும் சாதனங்களாகி விட்டமையையே நாம் எதிர்க்கின்றோம். பொறாமைப்படுபவன் அந்த விருந்தில் தனக்கும் ஓர் இலை கேட்பான். நாம் கேட்பது பந்தியையே திருத்தி அமைக்கும்படி.

எவ்வாறு திருத்துவது? வேலை செய்பவர் எவராயினும், அதனைப் பயிற்சி என்று அழைத்தாலும் பழகுதல் என்று அழைத்தாலும், சம்பளம் வழங்கப்பட வேண்டும். இக்கோரிக்கையை இங்கிலாந்தின் மாணவரும் தொழிற்சங்கங்களும் முன்வைக்கின்றனர். அது நமது கோரிக்கையுமாகும். பயிற்சி இடங்கள் யாவும் பகிரங்கமாக விளம்பரப்படுத்தப்பட வேண்டும். மும்மொழியிலும் விளம்பரம் வேண்டுமென்பதை நம் நாட்டுக்குரிய திருத்தமாகச் சேர்ப்போம். மலைநாட்டிலும் வன்னியிலும் கிழக்கிலும் பாழடைந்து கிடக்கும் பாடசாலை விடுதிகள் திருத்தப்பட்டு, ஏழைப் பிள்ளைகளுக்குத் திறக்கப்பட வேண்டும்.

அரசு செய்யும்வரை கைகட்டியிருத்தல் ஆகாது. நம் ஊர்ப் பாடசாலைகளுக்கும் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. அவை நுழைவாயில் வளைவு கட்டுகின்றன, பொன்னாடை போர்த்துகின்றன, நினைவு மலர் வெளியிடுகின்றன. அடுத்த வளைவுக்கான பணத்திற் கொழும்பிலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தால் என்ன? நேர்முகப் பரீட்சைக்கு வரும் பிள்ளை நாலு நாள் தங்க அது இடமாகும். எந்தப் பழைய மாணவர் எந்த அலுவலகத்தில், எந்த ஆலையில், எந்த வைத்தியசாலையிற் பணிபுரிகிறார் என்ற பட்டியலைப் பாடசாலை நூல்நிலையத்தில் எல்லோரும் காணும்படி தொங்கவிட்டால் என்ன? செல்வர் தம் தொடர்புகளை மறைத்து வைத்திருப்பதனாலேயே அவை அவர்களுக்குப் பலமாகின்றன. நாம் நம்முடைய தொடர்புகளைப் பொதுவுடைமையாக்குவோம்.

ஆசிரியரான நாமும் திருந்த வேண்டும். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் வகுப்பை ஒப்படைத்துவிட்டு ஓய்வறைக்குப் போகும் வழக்கத்தைக் கைவிடுவோம். அவர்கள் வரட்டும், கற்க வரட்டும். நம் பிள்ளைகளோடு பின்வாங்கில் இருந்து பாடங் கேட்கட்டும். ஒரு நாள் அதிகாலையிற் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து, நாட்சம்பளம் எவ்வாறு கணக்கிடப்படுகிறதென்று பார்க்கட்டும். அந்த அனுபவம் எந்த விண்ணப்பப் பத்திரத்துக்கும் உதவாமற் போகலாம். தாம் படித்த விடுதியின் செல்வத்துக்கும் தாம் காலையில் அருந்தும் தேநீருக்கும் உள்ள உறவை அவர்கள் அறிந்துகொள்வர்.

நமது மாணவனுக்கு நற்சான்றிதழைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக்கொடுத்தோம். நேர்மையானவன், உழைப்பாளி, கணக்கியலிற் சிறந்தவன் என்று எழுதினோம், யாவும் உண்மை. எழுதி முடித்தபின்தான் அக்கடிதத்தை வாசிக்கப் போகிறவர் எவரையும் நாம் அறியோம் என்பதை உணர்ந்தோம். விருந்தினரின் தோழரது தந்தை எந்தக் கடிதத்தையும் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. நம் மாணவனின் கடிதமும் வாசிக்கப்படும் நாள்வரை, நம்முடைய பணி கரும்பலகையோடு முடிந்துவிட்டதென்று கூற நமக்கு உரிமையில்லை.